ஒரு மீட்டரில் ஐந்து அடுப்பு

எங்கள் வீட்டுக்கு வாடகைக்கு வருகிறவர்களிடம் சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் அம்மா சில விஷயங்களைச் சொல்லிவிடுவாள். தண்ணீர் லாரி வரும் நாளில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காணாமல் போகக் கூடாது. மீன் கழுவிய தண்ணீரை மாடிப்படியில் ஊற்றக் கூடாது. கடைசியாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நோட்டு தூக்கிகினு எவனாச்சும் வந்து கேட்டான்னா, நாம எல்லாம் ஒரே குடும்பம். நீ எனக்கு நாத்தனார் பொண்ணு. மறந்துடாத" என்பாள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் உறவு ஒதுக்கப்பட்டிருந்தது. முதல் மாடியில் இருந்த கன்டெய்னர் லாரி டிரைவர் அம்மாவுக்குத் தம்பி. பின்கட்டில் இருந்தவர் சித்தப்பா மகன். ஒரு கிறிஸ்தவக் குடும்பம் வந்தபோது மட்டும் அம்மா சற்று யோசித்தாள். பிறகு அவர்களை லவ் மேரேஜ் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

இந்த நாடகமெல்லாம் ஒரு மீட்டருக்காக. திருவொற்றியூரில் கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது எங்கள் வீடு. நைனா ஃபைபர் படகில் மீன்பிடித் தொழில் செய்து கீழ்த்தளத்தைக் கட்டினார். அவர் போன பிறகு அம்மா சீட்டுப் பிடித்து முதல் மாடியை எழுப்பினாள், அதற்கு மேல் சிமென்ட் ஷீட் போட்டு ஓர் அறையும் கட்டினாள். வீடு மேலே மேலே வளர்ந்ததே தவிர மின் இணைப்பு நைனா காலத்தில் வாங்கிய அந்த ஒன்றுதான். அதிலிருந்து ஒயரை இழுத்து ஒவ்வொரு போர்ஷனுக்கும் ஒரு குட்டி மீட்டரை மாட்டியிருந்தாள். அரசாங்கம் தரும் இலவச நூறு யூனிட் அம்மாவுக்கு. மற்றவர்கள் முதல் யூனிட்டிலிருந்தே அம்மா சொன்ன விலையைக் கொடுக்க வேண்டும். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இதுதான் வழக்கம், யாரும் இதைத் தப்பென்று நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை. என் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பங்கு அந்தக் குட்டி மீட்டர்களிலிருந்து வந்தது.

படித்துவிட்டு நகரத்தின் தெற்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆராய்ச்சி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கம்ப்யூட்டரில் வரைபடம் தயாரிப்பது என் வேலை. ஊரில் எந்தெந்த வீடுகள் கரண்டுக்கும் கேஸுக்கும் அல்லாடுகின்றன என்று கண்டுபிடித்துப் புள்ளி வைக்க வேண்டும். ஒரு மீட்டரில் எத்தனை யூனிட் ஓடுகிறது, அதை எத்தனை குடும்பம் பங்கிடுகிறது, வருமானத்தில் எவ்வளவு இதற்கே போகிறது, கூரை எவ்வளவு சுடுகிறது என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறம் கொடுப்போம். சிவப்பு என்றால் உடனே உதவி தேவை. மஞ்சள் என்றால் தள்ளிப்போடலாம். பச்சை என்றால் வசதியாக இருக்கிறார்கள். சிவப்பு அதிகமுள்ள தெருக்களுக்கு முதலில் உதவி போகும் என்று பேச்சு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி மீட்டர், தடித்த கேபிள், ஷீட் கூரைக்கு வெயில் தாங்கும் பூச்சு, வீட்டில் நோயாளிக்கு மிஷின் ஓடுகிறதென்றால் அதற்கென்று ஒரு பேட்டரி.

வடசென்னை என்று வந்ததும் நான் முந்திரிக்கொட்டை மாதிரி கையைத் தூக்கினேன். கல்மண்டபத்திலிருந்து எண்ணூர் வரை என்னிடம் விடுங்கள் என்றேன். கேள்வி கேட்க வெளியாட்களை அனுப்பாதீர்கள், எங்கள் ஜனங்கள் முகம் தெரியாதவனிடம் வாயைத் திறக்க மாட்டார்கள், அந்தந்தத் தெருப் பெண்களையே வேலைக்கு எடுப்போம், நம்ம பொண்ணு என்றால் உண்மையைச் சொல்வார்கள் என்று மேலாளரிடம் அடித்துப் பேசினேன். அவர் என்னை மெச்சினார். அன்றைக்கு எனக்கு இருந்த கர்வத்தை நினைத்தால் இப்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. ஏனென்றால் நடந்தது நேர்மாறு. வெளியாள் வந்திருந்தால் வாசலில் கிடக்கும் பத்து ஜோடிச் செருப்பைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருப்பான். எங்கள் பெண்களுக்கு அந்தப் பொய் பிறந்ததிலிருந்து பழக்கம். யார் வீட்டில் எந்த நாத்தனார் பொண்ணு நிஜம், எது வாடகை என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததாலேயே மறு கேள்வி கேட்கவில்லை. மரியாதையாக 'ஒரு குடும்பம்' என்று எழுதிக்கொண்டு வந்தார்கள்.

எங்கள் தெருவுக்கு வந்த பெண் எங்கள் வீட்டு வாசலில் நின்று சிரித்தாள். "அக்கா, உங்க வூட்ட நீங்களே போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். நான் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவின் எதிரில் உட்கார்ந்தேன். அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எத்தனை குடும்பம்னு கேக்குது. அஞ்சுன்னு போடப் போறேன்" என்றேன்.

"அடி செருப்பால. ஒண்ணுன்னு போடு."

"நல்லதுக்குத்தாம்மா. ஆளுக்கொரு மீட்டர் கெடைக்கும்."

"அதான் சொல்றேன். ஆளுக்கொரு மீட்டர் வந்தா ஆளுக்கொரு பில்லு வரும். பில்லு கைக்கு வந்தவன் நாளிக்கு வூடே என்துன்னுவான். பட்டா கீதா நம்மகிட்ட? உங்க நைனா இன்னா, பட்டா வாங்கி பீரோவுல வெச்சிட்டா பூட்டாரு?"

அம்மா சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பட்டா இல்லாத மண்ணில் கட்டிய வீட்டுக்கு அந்த ஒற்றைக் கரண்ட் பில்தான் ஆதாரம். அதை ஐந்தாகப் பிரிப்பது அவளுக்கு வீட்டையே ஐந்தாகப் பிரிப்பது. இருந்தாலும் நான் இன்னும் கொஞ்சம் மல்லுக்கு நின்றிருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான வீடுகளில் ஒன்று தப்பானால் என்ன குடிமுழுகிப்போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு 'ஒன்று' என்று போட்டேன். அடுத்த கேள்வி வந்தது. இந்த வீட்டில் யாராவது கரண்டில் ஓடும் மருத்துவ மிஷினை நம்பி இருக்கிறார்களா?

"நம்ம குடும்பத்துல யாருக்கின்னா வியாதி? வாய வெச்சிகினு சும்மா கெட" என்றாள் அம்மா.

மேலே மிஷின் ஓடும் சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. நான் 'இல்லை' என்பதைத் தொட்டேன்.

அந்த மிஷின் மாடி ஷீட் அறையில் இருந்தது. அங்கே ஓர் அக்காவும் அவள் புருஷனும் குடியிருந்தார்கள். அவர் காசிமேட்டில் விசைப்படகில் டிரைவராக இருந்தவர், பிறகு சில வருடம் நிலக்கரி இறக்கும் யார்டில் வேலை பார்த்தவர். நுரையீரல் போய்விட்டது. மாடிப்படி ஏறி வந்த நாளுக்குப் பிறகு அவர் இறங்கியதே இல்லை. அக்கா தன் தாலிச் சங்கிலியை விற்று, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மிஷினை வாங்கியிருந்தாள். மளிகைக் கடை எண்ணெய் டின் அளவு இருக்கும். அதன் குழாய் அவர் மூக்கில் இருக்கும், மிஷின் அவர் காலடியில் உறுமிக்கொண்டே இருக்கும். அதற்கு நிலையான கரண்ட் வேண்டும். வோல்டேஜ் இறங்கினால் கீச்கீச்சென்று கத்தும், இன்னும் இறங்கினால் நின்றுவிடும். வண்ணாரப்பேட்டைக் கடை ஒன்றுக்கு நைட்டி தைத்துக் கொடுத்துத்தான் அக்கா குடும்பத்தை ஓட்டினாள். மோட்டார் வைத்த தையல் மிஷின் அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அம்மா கணக்கில் அந்த அக்காதான் நாத்தனார் பொண்ணு.

கோடையில் நான் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை செய்தேன். கீழ்த்தளத்தில் என் அறையில் ஏ.சி. இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு, எந்தக் கூரை எவ்வளவு சுடுகிறது என்று செயற்கைக்கோள் படத்தில் பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் வீட்டு மாடியும் அந்தப் படத்தில் கருஞ்சிவப்பாகத்தான் தெரிந்தது. என் ஏ.சி. ஒவ்வொரு முறை உயிர் பெறும்போதும் மாடியில் லைட் மங்குவது எனக்குத் தெரியாது. அக்காதான் ஒருநாள் துணி காயப்போடும்போது, குறை சொல்கிற குரலில்கூட இல்லாமல் சொன்னாள்.

"உன் ரூமுல ஏ.சி. போட்டா எனக்கு மேல தெரிஞ்சிடும் கண்ணு. மிஷினு ஒரு தபா கத்தும். சரி, பாப்பா ஆபீஸ் வேல செய்துன்னு நெனச்சிப்பேன்."

அன்றிலிருந்து நான் ஏ.சி. போடவில்லை. பெரிய தியாகம் செய்துவிட்ட மாதிரி இரண்டு நாள் எனக்குத் திருப்தியாக இருந்தது. பிறகு அம்மா மத்தியானத் தூக்கத்துக்கு அதே அறைக்கு வந்து ஏ.சி.யைப் போட்டுக்கொண்டாள். அவளுக்குச் சர்க்கரை, வெயில் தாங்காது. நான் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டேன்.

வரைபடம் முடிந்தது. அலுவலகத்தில் பெரிய திரையில் போட்டுக் காட்டினோம். யூனிட் அதிகம் ஓடும் வீட்டின் புள்ளி பெரிதாகத் தெரியும்படி நான்தான் அமைத்திருந்தேன். ஐந்து குடும்பத்தின் விசிறியும் ஃபிரிட்ஜும் ஒரே மீட்டரில் ஓடினால், ஒரே குடும்பம் என்று எழுதியிருந்தால், கம்ப்யூட்டர் என்ன நினைக்கும்? இவர்கள் தாராளமாகச் செலவழிக்கிற வசதியான குடும்பம் என்று நினைக்கும். எவ்வளவு நெருக்கியடித்துக் குடியிருந்தார்களோ அவ்வளவு பெரிய பச்சைப் புள்ளி. எங்கள் கடலோரம் முழுக்கப் பச்சை கொட்டிக் கிடந்தது. மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"பரவாயில்லையே, உங்க ஏரியா நாம நெனச்சதைவிட நல்லா இருக்கே" என்றார்.

எழுந்து நின்று, இது பச்சை இல்லை சார், பொய் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் முதல் கேள்வி என் வீட்டைப் பற்றித்தான் வரும். நான் தண்ணீர் குடித்தேன். சடையங்குப்பத்துக்கும் இன்னும் சில இடங்களுக்கும் உதவி போவதென்று முடிவானது. அவர்களுக்கும் தேவைதான், அதில் எனக்கு வருத்தமில்லை. எங்கள் தெரு பட்டியலில் இல்லை.

அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில் ஒரு மத்தியானம் மாடியிலிருந்து அக்கா அலறினாள். தெருவில் எல்லார் வீட்டிலும் வோல்டேஜ் இறங்கியிருந்தது. எங்கள் வீட்டில் தனித்தனி அடுப்பு வைத்த ஐந்து குடும்பமும் ஒரே ஒயரில் தொங்கிக்கொண்டிருந்ததால் சுத்தமாகப் படுத்துவிட்டது. மிஷின் நின்றுபோய், அவர் உதடெல்லாம் நீலமாகி, கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஷீட்டுக்குக் கீழே அந்த அறை அடுப்புக்குள் நிற்பதுபோல் இருந்தது. அம்மாதான் செருப்புகூடப் போடாமல் ஓடி ஆட்டோவைப் பிடித்தாள். முதல் மாடி லாரி டிரைவர் குடும்பத்து ஆட்கள் நாற்காலியில் வைத்து அவரை இறக்கினார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் அம்மா இரண்டு நாள் அக்காவோடு உட்கார்ந்திருந்தாள், கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தாள். என் அம்மா கெட்டவள் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

பிழைத்து வந்தார். கரண்ட் நிற்காத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு தடவை இப்படி ஆனால் தாங்க மாட்டார் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அக்கா கீழே வந்து அம்மாவிடம் தனியாக ஒரு தடித்த ஒயர் இழுத்துத் தரச் சொல்லிக் கேட்டாள்.

"இன்னும் ஒரு ஒயரு இழுத்தா ஃபியூஸ் பூடும்மா. ஈ.பி.க்காரன் வந்து பாத்தான்னா மொத்த வூட்டுக்கும் பேஜாரு" என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஒண்ணு பண்ணு. அவுரு மிஷினு ஓடுறப்போ உன் தையல் மிஷின ஓட்டாத" என்று வழி சொன்னாள்.

அவர் மிஷின் எப்போதும் ஓடியது. அப்படியென்றால் அக்கா எப்போது தைப்பது? அவர் கொஞ்சம் தெளிவாக இருக்கும் காலை வேளையில், அரை மணி நேரம் குழாயைக் கழற்றிவிட்டு மிஷினை நிறுத்தி வைத்துவிட்டு, அக்கா தைத்தாள். ஒருநாள் நான் மாடியில் துணி எடுக்கப் போனபோது பார்த்தேன். அவர் சுவரில் சாய்ந்து மூச்சை எண்ணுவதுபோல் வாங்கிக்கொண்டிருந்தார். அக்கா ஒரு கண்ணை அவர் மேலும் ஒரு கண்ணை ஊசி மேலும் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். "இன்னும் ஒரு கையி தச்சிக்க, எனக்கு தாங்கும்" என்று அவர் சொன்னார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

மறுநாள் மேலாளரிடம் போனேன். முழு உண்மையைச் சொல்லத்தான் போனேன், பாதியைச் சொல்லிவிட்டு வந்தேன். சில இடங்களில் பல குடும்பங்கள் ஒரே மீட்டரில் இருக்கலாம், அது கணக்கில் வராமல் போயிருக்கலாம் என்றேன். எந்த வீடு, யார் எழுதியது என்று சொல்லவில்லை. அவர் தலையாட்டினார். பட்டியல் மேலே போய்விட்டது, அடுத்த சுற்றில் பார்க்கலாம், இப்போதைக்கு அறிக்கையின் பின்பக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள் என்றார். சேர்த்தேன். இலக்கணப் பிழை இல்லாத அழகான வரி அது. யாரும் படிக்கப் போவதில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சண்டை போட்டேன். அவர் செத்தால் நீயும் நானும்தான் காரணம் என்று கத்தினேன். "அப்ப எனக்கு வூடு போனா யாரு காரணம், சொல்லு" என்று மட்டும் அம்மா கேட்டாள்.

அந்த மாதக் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா கீழே வந்தாள். வீட்டைக் காலி செய்யப் போவதாகச் சொன்னாள். அம்மாவுக்கு அது எதிர்பார்த்ததுதான். நான் கூடத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். அக்கா என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"கண்ணு, உங்கிட்ட கரண்டு மேப்பு கீதுன்னு உங்கம்மா சொல்லிச்சே. அதுல பாத்து சொல்லேன். எந்தத் தெருவுல கரண்டு நெலையா நிக்கும்? வாடக கொஞ்சம் கூட போனாலும் பரவால்ல. இவுரு மிஷினு நிக்காம ஓடணும், அவ்ளோதான்."

எத்தனையோ கூட்டத்தில் அந்த வரைபடத்தைக் காட்டியிருக்கிறேன். அதிகாரிகள் பார்த்திருக்கிறார்கள், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். 'நான் எங்கே குடிபோகட்டும்?' என்று அதைப் பார்த்துக் கேட்டவள் அக்கா ஒருத்திதான். நான் திரையை அவள் பக்கம் திருப்பினேன்.

"செவப்புன்னா கஷ்டம். பச்சைன்னா நல்லாகீதுன்னு அர்த்தமா?"

"ஆமாக்கா."

அவள் குனிந்து பார்த்தாள். ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன விரலைத் திரையில் வைத்து மெதுவாக நகர்த்தினாள். சடையங்குப்பம் பக்கம் எல்லாம் சிவப்பு, மழை வந்தால் வேறு தண்ணீர் நிற்கும் என்று தானே விலக்கினாள். ராயபுரத்தில் வாடகை கட்டுப்படியாகாது என்றாள். விரல் கடலோரமாக வடக்கே ஏறி வந்தது. ஓர் இடத்தில் நின்றது. சுற்றியிருந்த புள்ளிகளைவிடப் பெரிதாக, அடர்த்தியாக, ஒரு பச்சைப் புள்ளி. அக்கா முகத்தில் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு சந்தோஷம் தெரிந்தது.

"தோ, இது இன்னாமா பச்சையா கீது பாரு! கடலாண்ட வேற. இவுருக்கும் காத்து கெடைக்கும். இது யார் வூடு? உனக்கு தெரிஞ்சவங்களா? போயி கேட்டுப் பாக்கலாமா?"

சமையலறையில் அம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"நம்ம வூடுக்கா அது" என்றேன்.

அக்காவுக்குப் புரியவில்லை. நான் சொன்னேன். ஒரு குடும்பம் என்று எழுதியதையும், மிஷின் இல்லை என்று எழுதியதையும், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்தது, அழுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை என்பதும் தெரிந்தது. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒரே குடும்பம்னு நானுந்தான சொல்லிகினு இருந்தேன்" என்றாள். பிறகு, "மிஷினு இல்லன்னா எய்தின?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா."

அவள் அந்தப் புள்ளியிலிருந்து விரலை எடுத்தாள்.

"சரி. வேற பச்ச காட்டு" என்றாள்.

திரை நிறையப் பச்சை இருந்தது. எங்கள் பெண்கள் வீடு வீடாகப் போய் எழுதிக்கொண்டு வந்தது. ஒன்றைக்கூட என்னால் காட்ட முடியவில்லை.